மேஸ்திரி பதில்கள்: ஓரம் பெயரும் போர்சலின் கல்

கேள்வி: அண்ணே, 4 வருடமாக டைல்ஸ் வேலை பார்க்கிறேன். இப்போது ஒரு வீட்டுப் போர்டிகோவுக்கு 20 மி.மீ. கனமுள்ள போர்சலின் கல் போடுகிறோம், 2க்கு 2 அடி. கிரானைட் அறுக்கிற பிளேடிலேயே அறுத்தேன். ஓரமெல்லாம் சில்லு சில்லாகப் பெயர்கிறது. வேறு பிளேடு வாங்கினேன். முதல் நாள் நன்றாக வெட்டியது, மறுநாள் நெருப்புப்பொறிதான் பறக்கிறது. தூண் ஓரத்துக்கு 'எல்' வெட்டு போட்டதில் 4 கல் மூலையில் விண்டுபோனது. வீட்டுக்காரர் முறைக்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, கிரானைட் பிளேடைக் கழற்றியது சரி. அது பல் பல்லாக இடைவெளி விட்ட பிளேடு, ஒவ்வொரு பல்லும் கல்லைத் தட்டிக்கொண்டே போகும். போர்சலின் 1,200 டிகிரிச் சூட்டில் வெந்த சரக்கு. அரை சதவீதத் தண்ணீர்கூட உள்ளே இறங்காது. கண்ணாடி மாதிரி இறுகிக் கிடப்பதைத் தட்டினால் தெறிக்கத்தான் செய்யும். விளிம்பில் இடைவெளி இல்லாத பிளேடு, இல்லையென்றால் விளிம்பில் வலைபோல் குறுக்குக்கோடு ஓடும் மெல்லிய பிளேடு, இரண்டில் ஒன்று வேண்டும். 'போர்சலினுக்கு' என்று சொல்லியே கேட்டு வாங்குங்கள்.

நெருப்புப்பொறி விஷயத்துக்கு வருவோம். நானும் ஒரு காலத்தில் இதே பொறியைப் பார்த்துவிட்டு, போலி பிளேடை விற்றுவிட்டார் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன்தான். கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான மேஸ்திரி பேசாமல் பிளேடை வாங்கி, மிஷினில் மாட்டி, வாசலில் கிடந்த சிமென்ட் சாலிட் பிளாக்கில் 4 இழுப்பு இழுத்தார். அப்புறம் கல்லில் வைத்தார், வெண்ணெய் மாதிரி இறங்கியது. பிளேடு விளிம்பில் வைரத்தூளை ஓர் உலோகம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த உலோகம் தேயத் தேயத்தான் புது வைரம் வெளியே தலைகாட்டும். போர்சலின் மிகவும் வழவழப்பான கடினக் கல், உலோகத்தை அது தேய்ப்பதில்லை. மேலே இருக்கிற வைரம் மழுங்கிவிடும், உள்ளே இருப்பது வெளியே வராது. அப்புறம் பிளேடு வெட்டாது, சும்மா உரசும், சூடாகும், பொறி பறக்கும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், ஓரம் பெயரும். மூன்று நான்கு கல்லுக்கு ஒரு தடவை சொரசொரப்பான பிளாக்கில் பிளேடைத் தீட்டிக்கொள்ளுங்கள். பொறி வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் எண்ணிக்கை பார்க்காமல் உடனே தீட்டுங்கள்.

4 அங்குல கட்டர் 30 மி.மீ. ஆழம் வரை போகுமே, ஒரே இழுப்பில் முடிக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். கையால் தள்ளுகிற கட்டரில் பிளேடின் முன்பக்கம் கீழிருந்து மேலே சுற்றி வருகிறது. ஆழமாக இறக்கினால் மேல்முகத்தைக் கிளப்பிக்கொண்டு வெளியேறும். 2, 3 மி.மீ. மட்டும் இறக்கினால் முகத்தோடு ஒட்டி நகரும், கிளப்பாது. அதனால் முதல் இழுப்பு ஒரு கோடு போடுகிற அளவுக்குத்தான். அலுமினியப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போங்கள். உங்கள் ஓரத்தின் அழகு அந்த இழுப்பிலேயே முடிவாகிவிடும். அதற்கப்புறம் அதே தடத்தில் இரண்டு மூன்று இழுப்பு. கோட்டின் மேல் டேப் ஒட்டினால் சில்லு வராது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, ஈரத்தில் பென்சில் கோடு அழியாமல் இருக்க அது உதவும், அவ்வளவுதான்.

ஒரு கல் 16 கிலோவுக்கு மேல் வரும். வெட்டி முடிக்கிற நேரத்தில் துண்டு தொங்கினால் கடைசி அங்குலம் பிய்ந்துகொண்டு போகும். இரண்டு பக்கத்துக்கும் அடியில் கட்டை கொடுங்கள், அல்லது ஈர மணலில் படுக்கவையுங்கள். வெட்டு முடிகிற முனையில் முதலிலேயே 2 அங்குலம் அறுத்து வைத்துவிட்டு, எதிர்முனையிலிருந்து வந்து சேருங்கள்.

'எல்' வெட்டில் மூலை விண்டதற்குக் காரணம் கூர் மூலை. 8 அல்லது 10 மி.மீ. வைர பிட்டால் மூலையில் முதலில் துளை போடுங்கள், தண்ணீர் விட்டு, டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டு. இரண்டு வெட்டும் அந்தத் துளையில் வந்து நிற்கவேண்டும். பிளேடு வட்டமல்லவா, மேலே துளையைத் தொட்டபோதும் அடியில் கொஞ்சம் அறுபடாமல் இருக்கும். கையால் ஒடிக்காதீர்கள், கல்லைத் திருப்பிப்போட்டு அடிப்பக்கத்திலிருந்து அறுத்து முடியுங்கள். துளை போடாமல் நான் வெட்டிப் பதித்த ஒரு கல், ஒரு மாதம் கழித்து கார் ஏறியபோது மூலையிலிருந்து குறுக்காகப் பிளந்தது. பெயர்த்து எடுத்து மாற்றிய கூலி என் பாக்கெட்டில்தான்.

கேள்வி: ஐயா, மொட்டை மாடிப் படியில் இரண்டு போர்சலின் கல்லையும் 45 டிகிரியில் சேர்த்திருக்கிறார்கள். 6 மாதத்தில் முனை முனையாக உதிர்கிறது. வேலை சரியில்லையா?
- வாசகி, திருச்சி

பதில்: ஆமாம் அம்மா, கத்தி முனை மாதிரி கூராக்கியிருப்பார்கள். முகத்தில் 2 மி.மீ. விட்டுவிட்டுச் சாய்வு வெட்டி, சேர்த்தபின் வைரப் பட்டையால் முனையை லேசாக மழுக்கியிருக்கவேண்டும். எனக்குப் படிக்கு இந்தச் சேர்ப்பே பிடிக்காது, கால் படுகிற இடம் அது. முழுக் கனமும் தெரியும்படி மேல்கல்லை முன்னே நீட்டி, முனையை உருட்டிவிட்டால் போதும். ஆனால் நிறைய கல்லில் நிறமும் கோலமும் மேலோடுதான், அறுத்த ஓரம் வேறு நிறமாகத் தெரியும். கல் வாங்கும்போதே ஓரத்தைப் பாருங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் விட்டு அறுக்கக்கூடாது என்கிறார்கள். காய வைத்தே அறுக்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: கூடாது. அந்த வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. கல்லைக் கீழே கொண்டுபோய், மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலோடு ஒரு ஆளை நிறுத்தி அறுக்கச் சொல்லுங்கள். ஈரமாக அறுத்தாலும் என்95 மாஸ்க் வேண்டும், கைக்குட்டை போதாது. தண்ணீரும் கரண்டும் சேர்கிற வேலை, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) உள்ள லைனில் மட்டும் மிஷினை மாட்டட்டும். தோளில் துண்டு தொங்கவிட்டு வருகிறவரை, அதை எடுத்து வைத்துவிட்டு மிஷினைத் தொடச் சொல்லுங்கள்.