கேள்வி - பதில்: கல்யாண வீட்டு ட்ரம்ஸ்

கேள்வி: வெள்ளவத்தைப் பக்கம் கல்யாண ரிசப்ஷன்களில் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். இப்படி ஆரம்பித்து ஃபோக் ரொக்கில் பெயரெடுத்தவர் யாராவது உண்டா?

பதில்: ஏன் இல்லை? இங்கிலாந்தின் டேவ் மேட்டக்ஸ், சோடிகள் ஆடும் நடன இசைக்குழுக்களில் வாசித்தவர்தான். 1969 மே மாதம், நாட்டுப்பாடலையும் ரொக்கையும் கலந்து (அதுதான் ஃபோக் ரொக்) வாசித்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் வான் விபத்துக்குள்ளாகி, ட்ரம்மர் மார்ட்டின் லாம்பிள் 19 வயதிலேயே இறந்துபோக, அந்த இடத்துக்கு வந்தார். பழைய ஆங்கிலேய நாட்டுப்பாடல்கள் அவருக்குப் புதுசு. அந்தப் பாட்டுகளில் கதைதான் முக்கியம், அதனால் குழுவின் பாடகி சாண்டி டென்னி வரியை முடிக்குமுன் ரோல் (படபடவென்று தொடர் அடி) போட்டுக் குழப்பாமல், காலால் பேஸ் ட்ரம்மைக் கனமாக வைத்து, இடைவெளி விட்டு அடிப்பார். நம்ம பைலாக்காரர்களுக்கு (கோபிக்காதீர்கள்) அந்தப் பொறுமை கொஞ்சம் கஷ்டம். அப்புறம் பாடகர்கள் நிக் டிரேக், போல் மெக்கார்ட்னி என்று பலருக்கும் வாசித்தார்.