ஊர் என்றால் ஊர் மட்டுமா?

அன்புள்ள ஐயா,

சோழர் வரலாற்றில் எனக்கு ஆர்வம் அதிகம். கதைகளும் கட்டுரைகளும் நிறைய படித்திருக்கிறேன். அண்மையில் சோழர் கால நில உரிமை பற்றிய ஓர் ஆய்வு நூலை வாங்கினேன். நாற்பது பக்கம் தாண்ட முடியவில்லை. தமிழ்வழியில் படித்தவன்தான் நான். அகராதியும் பக்கத்தில் இருந்தது. எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதினால் அறிஞர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அன்புள்ள நண்பருக்கு,

சில பேராசிரியர்களின் நடை மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்களை நிறுத்தியது நடை இல்லை என்று நினைக்கிறேன்.

தெரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது. தெரிந்த சொல்தான் கவிழ்க்கும். கல்வெட்டில் 'ஊர்' என்பது குடியிருப்பு மட்டுமல்ல, பிராமணரல்லாத நிலவுடைமையாளர்களின் அவைக்கும் அதே பெயர். 'நாடு' என்பது சில ஊர்கள் சேர்ந்த சிறு வட்டாரம். 'காணி' ஓரிடத்தில் 1/80 என்கிற பின்னம், இன்னோரிடத்தில் பரம்பரை நில உரிமை. நாட்டார் கூடி முடிவெடுத்தார்கள் என்று படித்துவிட்டு, சோழ தேசமே திரண்டு வந்ததாக நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன்.

விளக்குத் தானத்தையே பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு நெய்யில் எரிய 96 ஆட்டை இடையரிடம் விட்டார்கள். இப்படி விடும் ஆட்டைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. சாகாத, கிழடாகாத ஆடு! கவிதை என்று தோன்றும். அது கணக்கு. ஆடு செத்தால் குட்டியைக் கொண்டு இடையர் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். முதலாகக் கொடுத்த ஆட்டின் எண்ணிக்கை குறையக் கூடாது, நாளுக்கு ஓர் உழக்கு (அந்தக் கால முகத்தல் அளவு) நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆய்வாளர் இந்த மூன்று சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் நின்று விளக்கினால் நூல் மூன்று மடங்காகும், அவர் சொல்லவந்த வாதம் அதில் காணாமல் போகும். அவர் பேசுவது சக ஆய்வாளர்களோடு, பல வருடமாக நடக்கும் விவாதம். நாம் நடுவில் நுழைந்தவர்கள்.

இது போதாதென்று கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது, எகர ஏகார வேறுபாடும் கிடையாது. ஒரு பெயரை எப்படி வாசிப்பது என்பதற்கே அடிக்குறிப்பு அரைப் பக்கம் நீளும்.

சரி, இப்போதைக்கு அந்த நூலை ஓரமாக வையுங்கள். நூலகத்தில் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதி ஒன்றை எடுத்து, விளக்குத் தானங்களாகப் பத்தை வாய்விட்டு வாசியுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு: அரசன், ஆண்டு, ஊர், கொடுத்தவர், ஆடு, நெய். பதினோராவதற்குத் துணை தேவைப்படாது. மக்கள் கட்டிய வரிகளின் பெயர்களுக்கு அப்புறம் போகலாம். அங்கே அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை.