பதில்: மாணவர், வகுப்பு உறவில் கட்டணத்தை எங்கே வைப்பது?

கொக்குவில் ரியூட்டரிக்கு (தனியார் வகுப்பு நிலையம்) ஹைபர்னேட்டில் (ஜாவா கிளாஸ்களை டேட்டாபேஸ் அட்டவணைகளோடு இணைக்கும் கருவி) செய்யும் சிஸ்டத்தில், மாணவருக்கும் வகுப்புக்கும் மெனி-டு-மெனி உறவு (ஒரு மாணவருக்குப் பல வகுப்பு, ஒரு வகுப்பில் பல மாணவர்) போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பிள்ளை மாறும் மாதக் கட்டணத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

மெனி-டு-மெனியை எடுத்துவிடுங்கள். அது உருவாக்கும் இணைப்பு அட்டவணையில் இரண்டு ஃபாரின் கீ (மற்ற அட்டவணைகளைச் சுட்டும் மாணவர் ஐடி, வகுப்பு ஐடி) மட்டும்தான் இருக்கும். கட்டணத்துக்கு அங்கே இடமில்லை. 'பதிவு' என்று தனி என்டிட்டி (தனக்கென அட்டவணை உள்ள கிளாஸ்) எழுதி, அதிலிருந்து மாணவருக்கு ஒரு மெனி-டு-ஒன் (பல பதிவுகள் ஒரு மாணவருக்கு), வகுப்புக்கு ஒரு மெனி-டு-ஒன் கொடுங்கள். கட்டணம், சேர்ந்த திகதி, விலகிய திகதி எல்லாம் அதிலே. அண்ணனும் தம்பியும் வந்தால் சின்னவனுக்குப் பாதிக் காசு என்பதும் அதற்குள் அடங்கிவிடும். மாணவர் ஐடியையும் வகுப்பு ஐடியையும் சேர்த்துப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்) ஆக்க வேண்டாம். கணித வகுப்பை விட்டுப்போன பிள்ளை, சோதனை நெருங்க மறுபடி வந்து நிற்கும்! அதே இரண்டு ஐடியோடு இரண்டாவது பதிவு போட முடியாது. பதிவுக்குத் தனி ஐடிதான் வசதி.

அப்புறம், 'சேர்த்தேன், எரர் இல்லை, டேட்டாபேஸில் ஒன்றும் இல்லை' என்றது: மேப்ட்பை (உறவை வைத்திருப்பது மறுபக்கம் என்ற குறிப்பு) போட்ட பக்கத்து லிஸ்டில் மட்டும் சேர்த்திருப்பீர்கள். ஹைபர்னேட் அந்தப் பக்கத்தைப் பார்த்து உறவை எழுதாது. புதிய அமைப்பில் பதிவில்தான் மாணவரையும் வகுப்பையும் செட் செய்து, பதிவையே சேவ் செய்ய வேண்டும்.

மெனி-டு-ஒன் இயல்பாகவே ஈகர்; பதிவை எடுக்கும்போதே மாணவரையும் வகுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். இரண்டையும் லேஸி (தேவைப்படும்போது மட்டும் எடுப்பது) ஆக்கிவிடுங்கள்.