என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பு: எழுதாமல் விட்ட மூன்று பாடங்கள்

என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மறுபடி சேர வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. கணவர் மருத்துவமனையில் இருந்ததால் அக்டோபரில் எழுதாமல் விட்ட மூன்று பாடங்களுக்கு மட்டும் அடுத்த பருவத்தில் தேர்வுக் கட்டணம் கட்டி எழுதலாம். தேறிய இரண்டும் அப்படியே கணக்கில் நிற்கும்.

மதிப்பெண் பட்டியலில் எஸ்.ஒய்.சி. என்று இருப்பதைப் பார்த்துத்தான் சேர்க்கையே ரத்தாகிவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள் போல. அந்தப் பாடத்தில் இன்னும் தேறவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பார்த்ததும் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

முதலில் அடையாள அட்டையை எடுத்து, சேர்ந்த ஆண்டைப் பாருங்கள். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் தேர்வு எழுத ஒன்பது வாய்ப்பு. அப்புறம் பதிவு எண்ணோடு உங்கள் படிப்பு மையத்தில் கேட்டால் எத்தனை மீதி என்று சொல்லிவிடுவார்கள்.

ஒன்று மட்டும்: வீட்டில் என்ன கஷ்டம் என்றாலும் அந்த ஐந்து ஆண்டு நிற்காமல் ஓடும். அக்டோபருக்குக் கட்டிய பணமும் திரும்பாது. மூன்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்றில்லை, ஏப்ரலில் ஒன்று எழுதினாலும் சரிதான்.

ராத்திரி தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.