சிமுலேஷன் ஓடுகிறது, பிள்ளைகள் யோசிக்கவில்லையே?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 22 பிள்ளைகளுக்கு ஒரே மடிக்கணினி. இணையம் வந்து வந்து போகும். மின்சுற்று சிமுலேஷன் (கணினித் திரையிலேயே இணைத்துச் செய்துபார்க்கும் சோதனை) போட்டால் படம் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ‘மெய்நிகர் ஆய்வகம்’ என்று பென்டிரைவ் விற்க ஒருவர் வருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். இலவசமாகக் கிடைப்பதையே உறை மாற்றி விற்பவர்கள் நிறையப் பேர். ஐந்தாம் வகுப்புக்கு உரியதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு அமிலம், காரம் என்று ஓட்டினால் அனுப்பிவிடுங்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்தும் ஃபெட் (PhET) சிமுலேஷன்கள் இலவசம். இணையம் உள்ள இடத்தில் மின்சுற்றுக் கோப்பை இறக்கிக்கொண்டால், பள்ளியில் இணையம் இல்லாமலே குரோமில் திறக்கும்.

இனி வகுப்பு. மவுஸைத் தொடுமுன் கேள்வி. ஒரு மின்கலம், ஒரு பல்பு எரிகிறது. அதே சுற்றில் அந்தப் பல்புக்கு அடுத்து வரிசையாக இன்னொரு பல்பைச் சேர்த்தால்? சிலேட்டில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். முதல் பல்பு குடித்த மிச்சம்தான் இரண்டாவதுக்கு, அதனால் அது மங்கும் என்று பல பிள்ளைகள் சொல்லும். திருத்தாதீர்கள். ஒரு பிள்ளையை இணைக்க விடுங்கள். இரண்டும் ஒரே அளவில் மங்கும். ஏன் என்ற சண்டை அங்கே கிளம்பும், அதுதான் பாடம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரையில் மின்னோட்டம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கம்பிக்குள் நீல உருண்டை ஓடுகிறது என்றே மனதில் பதிந்துவிடும்.

மிதத்தல், மூழ்கலுக்குத் திரை வேண்டவே வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர் ஒரு வாளி, எலுமிச்சை, சிரட்டை, கூழாங்கல் போதும்.

மின்சுற்றிலும் மறுநாள் கையால் செய்தே ஆக வேண்டும். திரையில் கம்பி எப்போதும் ஒட்டும், கையில் ஒட்டாது. கம்பியின் இரு முனையிலும் 2 செ.மீ. பிளாஸ்டிக் உரித்திருக்க வேண்டும். பல்பின் அடி நுனியில் ஒரு கம்பி, உலோகப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டையும் அடியிலேயே வைத்துவிட்டு எரியவில்லை என்பார்கள், கொஞ்சம் திணறட்டும். கடையில் 2.5 வோல்ட் டார்ச் பல்பு என்று கேட்டு, பார்த்து வாங்குங்கள். எல்இடியைக் கொடுத்தால் 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றில் எரியாது. இரண்டு மின்கலம் போட்டாலும் எல்இடியைத் திருப்பி வைத்தால் எரியாது. சரியாக இணைத்த பிள்ளை தான் தப்பு செய்ததாக நினைத்துக்கொள்ளும். வீட்டுப் பிளக்கில் மட்டும் ஒருபோதும் கூடாது என்று அன்றே சொல்லிவிடுங்கள்.

கணினி எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் மேலிடம் கணக்குக் கேட்கும். ஒரு பிள்ளை என்ன கேட்டது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. நேரத்தை அதில் எழுதுங்கள். சிலேட்டில் வரைந்ததை அழிக்கும் முன் உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பின் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.