ஒரு தடவை வாந்தி எடுத்தபின் அந்த உணவே பிடிக்காமல் போவது ஏன்?

கேட்டவரின் கதை இது: கல்யாண வீட்டில் காளான் பிரியாணி சாப்பிட்டார், அன்று இரவே வாந்தி, காய்ச்சல். அதே பந்தியில் உட்கார்ந்த வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வைரஸ்தான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் இன்றுவரை காளான் வாசனை பட்டாலே குமட்டுகிறதாம்.

டாக்டர் சொன்னதை நீங்கள் நம்பிவிட்டீர்கள், உங்கள் வயிறு நம்பவில்லை.

சாப்பாட்டுக்கு முன் வரும் சத்தம் கேட்டாலே எச்சில் விடப் பழகிய பாவ்லோவின் நாய்க் கதையைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குப்படி உங்களுக்கு இப்படி ஆகியிருக்கவே கூடாது. அங்கே சத்தம் கேட்ட சில வினாடிகளில் சாப்பாடு வர வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. உங்களுக்கோ நடந்தது ஒரே முறை, சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து.

ஜான் கார்சியா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950-களில் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து ஆராய்ந்தபோது, உடம்பு கெட்ட நேரத்தில் குடித்ததை அவை பிறகு ஒதுக்குவதைக் கவனித்தார். 1966-ல் கோலிங் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீரில் சாக்கரின் இனிப்பு. எலியின் நாக்கு படும்போதெல்லாம் ஒரு வெளிச்சம், ஒரு 'டிக்' சத்தம். சில எலிகளுக்கு வயிற்றைப் புரட்ட வைத்தார்கள், சிலவற்றுக்கு ஷாக் கொடுத்தார்கள். பிறகு தனித்தனியாக வைத்துப் பார்த்தால், வயிறு புரண்டவை இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின. வெளிச்சத்தையும் சத்தத்தையும் சட்டை செய்யவில்லை. ஷாக் வாங்கியவை நேர்மாறு. எதையும் எதோடும் முடிச்சுப் போட்டுப் பழக்கிவிடலாம் என்று நம்பிய அன்றைய உளவியல்காரர்களுக்கு இது ஜீரணமாகவில்லை. கார்சியாவின் கட்டுரைகளைப் பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பின.

எனக்கு இது அன்னாசி கேசரியில் நடந்தது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏறுமுன் முதன்முதலாக அந்தக் கேசரியைச் சாப்பிட்டேன். பாதி மலையில் தலை ஜன்னலுக்கு வெளியே! வளைவுதான் காரணம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதே பஸ்ஸில் இன்றும் ஏறுகிறேன். அன்னாசி எசன்ஸ் வாசனைதான் ஆவதில்லை. கேசரியோடு இட்லியும் சாப்பிட்டிருந்தேன், இட்லி மேல் ஒரு வருத்தமும் கிடையாது. பல வருடம் தின்று ஒன்றும் செய்யாத உணவின் மேல் அவ்வளவு சுலபமாகச் சந்தேகம் விழாது, புதுசாக வந்ததன் தலையில்தான் பழி விழும். உங்களுக்கும் அன்று காளான் அரிதான ஐட்டமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புற்றுநோய்க்குக் குமட்ட வைக்கும் கீமோதெரபி மருந்து எடுப்பவர்களுக்கு இது நிஜமான தொல்லை. சியாட்டிலில் ஐலீன் பெர்ன்ஸ்டீன் என்பவர் சிகிச்சைக்கு முன் குழந்தைகளுக்குப் புது ருசியில் ஓர் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிறகு அவர்களில் பலர் அதைத் தொடவில்லை. 1978-ல் இது வெளிவந்தது. பின்னாளில் இதையே அவர் தந்திரமாக்கினார்: சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே பழக்கமில்லாத ருசியில் ஒரு மிட்டாய். பழி மிட்டாயின் மேல் போக, சாப்பாடு ஓரளவு தப்பித்தது.

சரி, உங்கள் காளானுக்கு வருவோம். வீம்புக்கு ஒரு தட்டு சாப்பிடாதீர்கள், மறுபடி குமட்டினால் இன்னும் கெட்டியாகப் பதிந்துவிடும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில், நல்ல பசியில், பிரியாணி மசாலா வாசனையே இல்லாத மிளகு வறுவலாக இரண்டு துண்டு போதும். சில முறை ஒன்றும் ஆகாமல் போனால் தானாகத் தணியும். அப்படியும் தணியாவிட்டால் காலிஃபிளவர் இருக்கவே இருக்கிறது.