தேடக் கற்றுத்தர எந்த வீடியோ?

கேள்வி: கோத்தகிரி வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து எடுக்கிறேன். பிள்ளைகள் தாங்களே தகவல் தேடி, குறிப்பெடுத்து, சொந்தமாக எழுதப் பழக வேண்டும். அதற்கு வீடியோ தேடினால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. இதற்கிடையில் ஒருவர் வந்து, "ஆய்வுத் திறன் வளர்க்கும் பத்தாயிரம் வீடியோ" அடங்கிய பென்டிரைவ் ரூ.18,000 என்கிறார். அரசு அங்கீகாரம் உண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் வாங்கிவிடலாம் என்கிறார்கள். மழைக்காலத்தில் எங்களுக்குச் சிக்னலும் கிடைக்காது. என்ன செய்வது?

பதில்: வாங்காதீர்கள். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்படி விற்கும் தொகுப்புகளை நான் திறந்து பார்த்தவரை, உள்ளே இருப்பதில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. ஒன்றிய அரசின் இலவசப் பாடத் தளமான தீக்ஷா 2017 முதல் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடுகளும் அதற்காகத்தான் அச்சாயின. இவற்றை இறக்கி, ஓரத்துச் சின்னத்தை மறைத்து, தங்கள் பெயரை ஒட்டி மலையேற்றி விற்கிறார்கள். அங்கீகாரம் என்றால் எந்தத் துறை, கடித எண் என்ன, தேதி என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் நீட்டுவது ஜிஎஸ்டி பதிவுச் சான்றும், யாரோ ஓர் அலுவலருக்குச் சால்வை போர்த்திய படமும்தான். வீடியோக்கள் தங்கள் சொந்தத் தயாரிப்பு என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

இன்னொன்று, அவர்கள் "ஆய்வு" என்று காட்டுவது ஆய்வே அல்ல. சோடா உப்பில் வினிகர் ஊற்றி எரிமலை பொங்கவைப்பார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதில் யாரும் எதையும் தேடவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டிய தேடும் திறன் மிக எளியது: கேள்வியைத் தெளிவாகக் கேட்பது, பதில் எங்கே இருக்கும் என்று யோசிப்பது, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது, படித்ததைத் தன் சொல்லில் இரண்டு வரி எழுதுவது, யார் சொன்னது என்று குறிப்பது, இன்னோர் இடத்திலும் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. அமெரிக்காவில் 1990-இல் ஐசன்பெர்க், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் இதை ஆறு படிகளாக வகுத்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு அதுவும் அதிகம் என்று, திட்டமிடு, செய், திரும்பிப் பார் என மூன்றாகவும் அது சுருக்கப்பட்டது. உங்களுக்கு மூன்றும் வேண்டாம், ஆறும் வேண்டாம். ஒரு வீடியோவுக்கு ஒரு திறன். அவ்வளவுதான்.

வீடியோவை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், கையில் பேனாவோடு. "இங்கே நிறுத்தி, பிள்ளைகளை இதைச் செய்யச் சொல்லலாம்" என்று தோன்றும் இடம் முதல் மூன்று நிமிடத்துக்குள் வருகிறதா? வரவில்லை என்றால் தள்ளிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். திரையில் எழுத்து ஓட, அதே எழுத்தைக் குரல் படிக்க, பின்னால் இசையும் அடித்தால் அதையும் தள்ளுங்கள். எதைக் கவனிப்பது என்று தெரியாமல் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர, மனதில் ஒன்றும் நிற்காது.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். தமிழ் வீடியோவையே எடுங்கள் என்பது என் பொது விதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை ஆசிரியர்கள் தப்பாகவே பயன்படுத்துகிறார்கள் என்பதால் விரித்துச் சொல்கிறேன். கை செய்வதைக் காட்டும் வீடியோவாக இருந்தால் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பிள்ளை பொருளடக்கத்தில் விரல் வைத்து, பக்க எண்ணைப் பார்த்து, புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்துக்குப் போகிறது என்றால், சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டு நீங்களே தமிழில் பேசுங்கள். வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளை இருந்தால் இரண்டு சொல் அதிலும் சொல்லலாம். ஆனால் அகராதி பார்க்கக் கற்றுத்தரும் ஆங்கில வீடியோவைச் சத்தம் அணைத்தும் காட்டக் கூடாது. அது 26 எழுத்து வரிசை. தமிழ் அகராதியில் அகரம் முதல் ஔகாரம் வரை போய், பிறகு க, கா, கி என்று வரும். கூட்டினால் 247 எழுத்து. ஆங்கில வரிசையைப் பார்த்த கண்ணோடு தமிழ் அகராதியைத் திறக்கும் பிள்ளை, "மேகம்" என்ற சொல்லைத் தேடி மகரத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். அதேபோல, "உங்கள் நூலகரிடம் கேளுங்கள், நூலகக் கணினியில் தேடுங்கள்" என்று தொடங்கும் வெளிநாட்டு வீடியோக்களும் நமக்கு ஆகாது. எந்த ஊராட்சிப் பள்ளியில் நூலகர் இருக்கிறார்?

பள்ளிக்கு வந்த கதைப் புத்தகங்களும் பல இடங்களில் பீரோவில் பூட்டியே கிடக்கின்றன. ஒன்று தொலைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. தணிக்கைக்கு வருகிறவர்கள் இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியா என்று கேட்கிறார்கள். எத்தனை பிள்ளை எடுத்துப் படித்தது என்று கேட்பதில்லை. பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றவே பாதி நேரம் போகும் ஆசிரியரிடம் ஆய்வுத் திறனையும் வளர்க்கச் சொன்னால், பென்டிரைவ்காரர் வாசலுக்கு வரத்தான் செய்வார்.

வீடியோவை நிறுத்தியதும் பிள்ளைகளிடம் உள்ளூர்க் கேள்வி ஒன்றைக் கொடுங்கள். தொட்டபெட்டாவின் உயரம் என்ன? சில இடங்களில் 2,637 மீட்டர் என்றும் சில இடங்களில் 2,623 மீட்டர் என்றும் அச்சாகியிருக்கிறது. இரண்டையும் பலகையில் எழுதி, "எதை நம்புவோம், ஏன்?" என்று கேளுங்கள். இரண்டாவது இடத்தில் ஒத்துப்பார்ப்பது எதற்கு என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். கன்னேரிமுக்கில் 1819-இல் அன்றைய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா உங்களுக்குப் பக்கம்தான். வீடியோவில் குறிப்பெடுக்கக் கற்றதை அங்கே போய் எழுதிப் பார்க்கலாம். குறிஞ்சி பூத்துவிட்டது என்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் படம் வருகிறதே, அதையும் விடாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது நீலக்குறிஞ்சி. குறிஞ்சியில் வகைகள் பல. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. படத்தில் இருப்பது எது, யார் எடுத்தது, எப்போது என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

இந்த வேலையை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். "புராஜெக்ட் செய்துகொண்டு வா" என்றால் அப்பா ஜெராக்ஸ் கடையில் பணம் கொடுத்து, அச்சடித்த தாளும் ஒட்டும் படமும் வாங்கி வருவார். பிள்ளை பெயர் மட்டும் எழுதும். முழு வேலையும் வகுப்பிலேயே, பென்சிலால், இரண்டு வரி.

சிக்னல் பற்றி: தீக்ஷா செயலியில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஊருக்குள் போகும் நாளில் இறக்கிக்கொள்ளுங்கள். பருவத்துக்கு ஐந்தாறு வீடியோ போதும். யூடியூப் என்றால் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பலகைப் பக்கம் திரும்புவதற்குள் வேறு எதுவோ ஓடிக்கொண்டிருக்கும்.

குழுவிடம் பணம் இருக்கிறதென்றால் கையடக்கத் தமிழ் அகராதி பத்துப் பிரதி வாங்குங்கள், எல்லாம் ஒரே பதிப்பாக. அப்போதுதான் "நாற்பதாம் பக்கத்தைத் திறங்கள்" என்று சொல்ல முடியும். கடைசி வரிசைக்கும் கேட்க ஒரு ஸ்பீக்கர். வாங்கியதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அகராதிகளைப் பீரோவில் வைக்காமல் வகுப்பு ஜன்னலோரம் வைப்போம் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். ஒன்று கிழிந்தால் உங்கள் மேல் பழி வராது.